சம்பளம் சுமக்குமா சொகுசுக் காரை?

ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பூட்டிக் கிடந்த கதவொன்று 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அந்நியச் செலாவணியைக் காக்கவென 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் மோட்டார் வாகன இறக்குமதி அன்று மீண்டும் தொடங்கிற்று. அன்று முதல் கண்டி மாநகரிலே ஒரு புதுப் பேச்சுப் பிறந்திருக்கிறது. பேராதனை வீதியாலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கமாகவும் செல்வோர், கண்ணாடிக் கூடங்களிலே பளபளவென நிற்கும் வண்டிகளைக் கண்டு நடையைத் தளர்த்துகிறார்கள். மருத்துவர், பொறியியலாளர், வங்கி அதிகாரி, கணக்காளர், ஏன், என் இனமாகிய சட்டத்தரணிகளுங்கூட, இருவர் கூடிய இடத்தில் மூன்றாம் பேச்சாக எடுப்பது இதைத்தான்: "நல்ல சம்பளம் வருகிறதே, நாமும் ஒரு நல்ல கார் எடுத்தால் என்ன?"

கேள்வி நியாயமானது. படித்தவன், உழைப்பவன், பிறர் பொருளைத் தொடாதவன், தன் உழைப்பின் பயனைத் துய்க்க விரும்புவதில் குற்றம் காண நான் முன்வரவில்லை. ஆயின், கேள்விக்குரிய விடையைக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டுமேயன்றி, விற்பனைக்கூடத்து விளக்கு வெளிச்சத்தில் நின்று சொல்லலாகாது. கணக்கைப் பார்த்த பின் நான் சொல்வது இதுதான்: இந்த நாட்டிலே, நல்ல சம்பளம் என்று நாம் மதிக்கும் எந்தச் சம்பளமும் சொகுசுக் காரைத் தாங்காது. அப்படியானால் வீதியில் ஓடும் வண்டிகள் எதனால் வாங்கப்பட்டன? அவற்றுட் பலவற்றை வாங்கியது சம்பளமன்று. எது வாங்கியது என்பதைத்தான் நம் சமூகம் ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் சொகுசு என்பது யாது? இதற்குத் தத்துவ விசாரணை வேண்டியதில்லை. அரசாங்கமே வரைவிலக்கணம் தந்திருக்கிறது. தடை நீங்கியபோது நடைமுறையிலிருந்த விதிப்படி, துறைமுகத்தில் வந்திறங்கும் பெற்றோல் காரின் பெறுமதி 50 இலட்சம் ரூபாவையும், மின்சாரக் காரின் பெறுமதி 60 இலட்சம் ரூபாவையும் தாண்டினால், தாண்டிய தொகைக்கு ஆடம்பர வரி உண்டு. இவ்வரி தனியே வருவதில்லை. சுங்கத் தீர்வை, அதன்மேல் மேலதிகக் கட்டணம், எஞ்சினின் அளவுக்கேற்ற உற்பத்தித் தீர்வை, இவற்றையெல்லாம் கூட்டி அதன்மேல் நூற்றுக்கு 18 வீதம் பெறுமதி சேர் வரி எனப் படிமேல் படியாக ஏறிப் போகும். வரியின்மேல் வரி என்பது இதுவே. யப்பானிலோ ஜெர்மனியிலோ ஓர் உத்தியோகத்தன் தன் காருக்குக் கொடுக்கும் விலையையும், அதே காருக்குக் கண்டியில் நாம் கொடுக்கும் விலையையும் ஒப்பிட்டால், வேற்றுமையிற் பெரும்பகுதி திறைசேரிக்குப் போவதைக் காணலாம். கார் வாங்குகிறேன் என்று எண்ணிக்கொண்டு, ஒரு காரையும் அரசாங்கத்துக்கு அதைவிடப் பெரிய காணிக்கையொன்றையும் சேர்த்தே வாங்குகிறோம்.

இனிக் கணக்கு. மாதம் 5 இலட்சம் ரூபா சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நம்மிடையே இது சிறிய சம்பளமன்று. ஊரிலே பெண் பார்க்கப் போனால் வாசல்வரை வந்து வரவேற்கப்படும் சம்பளம். 2025 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள வருமானவரி விதிப்படி, ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா விலக்குப் போக, மிகுதிக்கு நூற்றுக்கு 6 முதல் 36 வரை படிப்படியாக வரி. அவருடைய வரி மாதம் 86 ஆயிரம் ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம், 40 ஆயிரம் ரூபா. கைக்கு வருவது 3 இலட்சத்து 74 ஆயிரம்.

அவர் விரும்பும் காரின் விலை 3 கோடி ரூபா எனக் கொள்வோம். இதைவிட விலை கூடியவை சந்தையில் நிறைய உண்டு. சொகுசு வண்டிகளின் வரிசையில் இது கீழ்ப்படி. காருக்குக் கொடுக்கும் கடனை அதன் பெறுமதியின் ஒரு பங்குக்கு மத்திய வங்கி 2025இல் மட்டுப்படுத்தியிருக்கிறது. ஆகவே பாதி கடன், பாதி கைக்காசு என வைப்போம். ஒன்றரைக் கோடி ரூபாக் கடனை, ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டியில், ஐந்தாண்டில் தீர்ப்பதாயின், மாதத் தவணை 3 இலட்சத்து 33 ஆயிரத்து 600 ரூபாவுக்கு மேல் வருகிறது. மிச்சம் 40 ஆயிரம். காப்புறுதியை வண்டி விலையில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றரை என்று குறைத்தே போட்டாலும் மாதம் 37 ஆயிரத்து 500 ரூபா. இப்போது மிச்சம் 3 ஆயிரம் ரூபாவுக்கும் குறைவு.

இந்த 3 ஆயிரத்தில் அவர் பெற்றோல் அடிக்க வேண்டும். டயர் மாற்ற வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணம் கொடுக்க வேண்டும். அரிசியும் வாங்க வேண்டும். ஆனையை வாங்கினவன் அங்குசத்துக்குக் கடன் கேட்ட கதை நமக்குப் புதிதன்று. பெரஹரா காலத்தில் ஆனைகளைக் கண்டு களிக்கும் கண்டி மக்கள், ஆனையை வீட்டில் கட்டித் தீனி போடும் ஆசையை மட்டும் ஒருபோதும் கொண்டதில்லை. அந்த விவேகம் மோட்டார் வண்டி விஷயத்தில் எங்கே போயிற்று?

"இருவருக்கும் சம்பளம் வருகிறதே" என்பார் சிலர். மனைவியின் சம்பளத்தில் குடும்பம், கணவனின் சம்பளத்தில் கார் என்று பங்கு பிரித்த இல்லங்களை நான் அறிவேன். ஐந்தாண்டுகளுக்கு அந்த வீட்டில் ஒருவர் நோயாகக் கூடாது. ஒருவர் வேலை இழக்கக் கூடாது. மூன்றாவது பிள்ளை பிறக்கக் கூடாது. வாழ்வாங்கு வாழும் முறையா இது?

வாகனத் தவணை மாதச் செலவில் எவ்வளவு இருக்கலாம் என்று என்னைக் கேட்டால், கைக்கு வரும் சம்பளத்தில் காற்பங்குக்கு மேற்படலாகாது என்பேன். அந்த அளவுகோலின்படி மேற்சொன்ன தவணையைத் தாங்குவதற்கு மாதச் சம்பளம் ஏறத்தாழ 22 இலட்சம் ரூபா வேண்டும். அத்தகைய சம்பளக்காரர் நம் கூட்டங்களுக்கு வருவதில்லை. மாதம் 3 இலட்சம் பெறும் நண்பருக்கு இதே அளவுகோல் அனுமதிப்பது 29 இலட்சம் ரூபாக் கடன். அதற்குச் சமமான கைக்காசு சேர்த்தால் 58 இலட்சம். இன்று நம் சந்தையில் அந்தத் தொகைக்குக் கிடைப்பது ஏற்கெனவே ஓடிய சிறிய யப்பானியக் கார். கசப்பாகத்தான் இருக்கும், ஆயினும் அதுவே அந்தச் சம்பளத்தின் கார்.

இன்னுமொரு விஷயம். தவணை ஐந்தாண்டுக்கு மாறாதது; சம்பளம் அப்படியன்று. கூலி கூடாவிட்டாலும் குறையாது என்று நம்பியிருந்தவர்களுக்கு 2023 ஜனவரி ஒரு பாடம் புகட்டிற்று. 2020 முதல் ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவரை வருமானவரி இல்லை. 5 இலட்சம் ரூபா மாதச் சம்பளக்காரர் அப்போது செலுத்திய வரி மாதம் 15 ஆயிரம். 2022இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் விலக்கை 12 இலட்சமாகக் குறைத்தது. அடுத்த ஜனவரியில் அதே மனிதர் அதே நாற்காலியிலிருந்து செலுத்திய வரி 1 இலட்சத்து 6 ஆயிரத்து 500. ஒரு மாதத்துக்கும் மறுமாதத்துக்கும் இடையில் 91 ஆயிரத்து 500 ரூபா மறைந்து போயிற்று. மருத்துவரும் பல்கலைக்கழக ஆசிரியரும் வங்கி ஊழியரும் அந்த ஆண்டு மார்ச்சில் வேலைநிறுத்தத்தில் இறங்கியமை நினைவிருக்கும். கழிவு போக வருவது கடன் தவணைக்கே காணாது என்ற முறைப்பாடு அந்நாட்களில் எங்கும் கேட்டது. வரி கொடுமையானது என்பது மெய். பாராளுமன்றம் ஒரு சட்டத்தால் கலைத்துவிடக்கூடிய வருமானத்தை நம்பி ஐந்தாண்டுக் கடனில் கையொப்பமிட்டிருந்தோம் என்பதும் மெய். 2025இல் வரி சற்று இளகியிருக்கிறது. நாளை இறுகாது என்று உறுதி சொல்ல யாரால் முடியும்?

2022ஐயும் நாம் அதற்குள் மறந்துவிடலாகாது. அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி இந்நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென அறிவித்தது. டொலரின் விலை சில வாரங்களில் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை பாய்ந்தது. எரிபொருள் நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசை நின்றோம். ஓகஸ்டு முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பங்கீட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றர். பெரிய எஞ்சின் வண்டிகள் முற்றத்தில் தூசி படிந்து நிற்க, அவற்றின் சொந்தக்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு கண்டிக் குளத்தங்கரையால் நடந்து போனார்கள். தவணை மட்டும் நிற்கவில்லை.

அப்படியானால் கைக்காசு ஒன்றரைக் கோடி எங்கிருந்து வருகிறது? இங்கேதான் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் இருசாராரும், உத்தியோகத்தரும் கமக்காரரும், ஒரே படத்துக்குள் வருகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, தந்தையும் மகனுமாக இருவர் என் அலுவலகத்துக்கு வந்தனர். மகன் கண்டியிலே உயர்ந்த உத்தியோகம். தந்தை வலிகாமத்திலே கமம் செய்பவர்; வெங்காயமும் புகையிலையும் வைத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் மடியிலிருந்த பையில் 12 பரப்புச் செம்மண் தோட்டக்காணியின் உறுதி இருந்தது. அதை ஈடு வைத்துக் காருக்கு முற்பணம் கட்டுவதற்கு ஆலோசனை கேட்க வந்திருந்தார்கள். நான் மகனிடம் கணக்குக் கேட்டேன். அவர் சம்பளத்தைச் சொன்னார். தந்தையிடம் காரணம் கேட்டேன். "தம்பிக்கு உத்தியோகம் பெரிசு, ஐயா. கார் சின்னனாயிருந்தால் சம்பந்தம் பேசிற இடத்திலை நாலுபேர் என்ன சொல்லுவினம்?" என்றார். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "காணி போகாதுதானே?" என்றும் கேட்டார்.

போகாது என்று நான் எப்படிச் சொல்வேன்? உறுதியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். பிறகு என்ன செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

இந்தக் கதை ஒன்றல்ல. காரை வாங்குவது மகனுடைய சம்பளம் என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் வாங்குவது தந்தையின் காணி, அல்லது பெண் வீட்டாரின் காணி. சீதனப் பேச்சில் வீடு, நகை, ரொக்கம் என்ற மூன்றோடு நாலாவதாகக் கார் வந்து உட்கார்ந்துவிட்டது. தடை இருந்த ஐந்தாண்டில் பழைய வண்டிகளின் விலை ஏறியபோது சீதனத்தின் அளவும் ஏறிற்று; புது வண்டி வந்தபின் அது இறங்கியதாகக் காணவில்லை. காணியும் இல்லாத இடத்தில், டொரொன்டோவிலோ லண்டனிலோ இரண்டு வேலை செய்யும் அண்ணனின் உழைப்பு காராக உருமாறிக் கண்டி வீதியில் ஓடுகிறது.

சம்பளத்துக்கு வெளியே இன்னொரு வழியும் நெடுங்காலம் இருந்தது. மூத்த அரச உத்தியோகத்தருக்கும் மருத்துவருக்கும் பல்கலைக்கழக ஆசிரியருக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும், குறைந்த தீர்வையில் அல்லது தீர்வையின்றி வண்டி இறக்கும் பெர்மிட் வழங்கப்பட்டு வந்தது. அரசாங்கம் சம்பளத்தைக் குறைவாகக் கொடுத்துவிட்டுச் சலுகையால் ஈடுகட்டிய ஏற்பாடு அது. பெர்மிட்டைப் பெற்ற பலர் வண்டியை இறக்காமலே அதை விற்றுக் காசாக்கினர். மக்கள் பிரதிநிதிகளும் இதற்கு விலக்கல்லர் என்பது நாடறிந்த சங்கதி. இப்போதைய அரசாங்கம் பாராளுமன்ற உறுப்பினருக்கு அப்பெர்மிட் இல்லையென்று அறிவித்திருப்பது நன்று. எந்தக் கட்சி செய்தாலும் நல்லதை நல்லதென்போம்.

சட்டத்தின் நிலை என்னவென்பதையும் சொல்ல வேண்டியது என் தொழில். லீசிங்கில் எடுத்த காரை "என் கார்" என்று சொல்லும் அன்பர்கள், பதிவுப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். அவர்களுடைய பெயர் பதிவுசெய்த உரிமையாளர் என்ற இடத்தில் இருக்கும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி வண்டி குத்தகை கொடுத்தவருடையது. குத்தகைக்காரருக்கு இருப்பது பாவிக்கும் உரிமை. தவணை தவறினால் ஒப்பந்தத்தை முடித்து வண்டியை எடுத்துப்போக வழியுண்டு. அப்பொழுது நீங்கள் கட்டிய முற்பணம் எங்கே என்று கேட்டால், ஒப்பந்தத்தின் எந்த வாசகத்திலோ சிறிய எழுத்தில் விடை இருக்கும்.

காணியை ஈடு வைத்தவர் நிலை இதனினும் இக்கட்டானது. பராட்டே என்று நாம் வழங்கும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ஈடாக வைத்த ஆதனத்தை நீதிமன்றத்துக்குப் போகாமலே, தன் பணிப்பாளர் சபையின் தீர்மானம் ஒன்றினால் ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்திருக்கிறது. நெருக்கடிக் காலத்தில் சிறு முயற்சியாளர் எழுப்பிய கூக்குரலால் அவ்வதிகாரம் சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. நிறுத்தி வைப்பது நீக்கிவிடுவதாகாது. காருக்கு ஆயுள் 15 ஆண்டோ 20 ஆண்டோ. வாங்கிய அன்றே அதன் விலை இறங்கத் தொடங்கும். செம்மண்ணுக்கு ஆயுள் உண்டா? தேயும் பொருளுக்காகத் தேயாப் பொருளைப் பணயம் வைப்பதைப் பழைய கமக்காரன் எவனும் செய்திருக்க மாட்டான்.

அந்தப் பழைய கமக்காரனுக்கும் வசதி வந்த காலம் உண்டு. 1970 முதல் 1977 வரை வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டிருந்த வேளை, யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் பணம் விளைந்தது. அவர்கள் அதை வைத்துக் கல்வீடு கட்டினார்கள். நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினார்கள். பிள்ளைகளைப் பேராதனைக்கும் கொழும்புக்கும் அனுப்பினார்கள். இன்று கண்டியில் உத்தியோகம் பார்க்கும் பலருடைய படிப்புக்கு உரம் அந்த வெங்காயம். 1977க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்தபோது அவ்விலைகள் வீழ்ந்தன. ஆயினும் வீடும் கிணறும் படிப்பும் வீழவில்லை. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் காரென்றால் ஒஸ்டினும் மொறிஸ் மைனரும். அறுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்கு முன் வந்திறங்கிய அந்த ஆங்கில வண்டிகள் முப்பதாண்டு, நாற்பதாண்டு ஓடின. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, சிறிது பெற்றோல் காட்டி உயிர்ப்பித்து மண்ணெண்ணெயிலும் ஓடின. பிள்ளைப்பேற்றுக்கும் பிரேதத்துக்கும் அந்த வண்டிகளே போயின. அவற்றின் சொந்தக்காரரை எவரும் சிறியவர் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. (இதைப் படிக்கும் இளைஞர்கள் சிரிக்கக்கூடும். சிரியுங்கள், அந்த ஒஸ்டின்களிற் சில இன்றும் ஓடுகின்றன.)

இதுவரை பணத்தைப் பற்றிப் பேசினோம். அரசியல்வாதியாகிய எனக்கு இதைவிடப் பெரிய கவலையொன்று உண்டு. கடன்பட்ட உத்தியோகத்தன் சுதந்திர மனிதனாக இருக்க முடியுமா?

கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியிலே கேகாலை. அங்கே கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரன் என்பவருக்கு, சிங்கள மொழிப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்ற காரணத்துக்காக 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. உயர்வு எவ்வளவு? மாதம் 10 ரூபா. பெயரோ கோடீஸ்வரன்! அந்தப் பத்து ரூபாவுக்காக அவர் அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரச ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்காட முடியாதென 1967இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. 1969 டிசம்பரில் லண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்காட முடியும் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியை விசாரிக்குமாறு வழக்கைத் திருப்பியனுப்பிற்று. அந்த மூலக் கேள்விக்கு நீதிமன்றத்தில் விடை கிடைக்கவேயில்லை என்பது வேறு கதை. சிறிய சம்பளக்காரர் ஒருவர் ஏழாண்டுக்கு மேல் அரசாங்கத்தை எதிர்த்து நின்றார் என்பதே இங்கு எனக்கு வேண்டியது. மாதந்தோறும் 5ஆம் திகதிக்கு முன் மூன்றேகால் இலட்சம் கட்டவேண்டிய நிலையில் இருக்கும் ஒருவரை இன்று அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மேலதிகாரியின் முகம் சற்று மாறினாலே அவருக்கு நித்திரை வராது. மகஜரில் ஒரு கையொப்பம் கேட்டுப் போனால், "எனக்கு அனுதாபம் உண்டு, பெயரை மட்டும் போடாதீர்கள்" என்பார். இந்தப் பதிலைக் கண்டியில் எத்தனையோ வாசல்களில் நின்று கேட்டிருக்கிறேன். சில வாசல்களில் நின்ற வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

நான் காருக்கே விரோதி என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். கண்டி மேடும் பள்ளமுமான ஊர். நள்ளிரவில் அழைப்பு வரும் மருத்துவரும், கலஹாவிலிருந்தோ தெல்தெனியாவிலிருந்தோ பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்குக் கொண்டுவரும் தாயும், நிரம்பி வழியும் பஸ்ஸின் மிதிபலகையை நம்பியிருக்க முடியாது. சிங்கப்பூரை உதாரணம் காட்டுவார்கள். அங்கே 1990 முதல் காருக்குப் பத்தாண்டு உரிமைச் சான்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். அந்தச் சான்றுக்கே ஒரு இலட்சம் வெள்ளிக்கு மேல் கொடுத்த காலமும் உண்டு. ஆகவே நல்ல சம்பளக்காரத் தமிழரும் ரயிலில் போகிறார். மெய்தான். ஆனால் அங்கே ரயில் வருகிறது! கண்டிக்கு 1867இல் வந்த ரயில் பாதைக்குப் பின் நமக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. அதிவேக நெடுஞ்சாலையும் இன்னும் வந்து சேரவில்லை. ஒழுங்கான பஸ் சேவையைக் கேட்டுப் போராட வேண்டிய படித்த வகுப்பு, ஆளுக்கொரு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குளத்தைச் சுற்றியுள்ள நெரிசலில் தனித்தனியே உட்கார்ந்திருக்கிறது. தேவைக்குக் கார் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தேவையைச் சிறிய கார் தீர்க்கும். பெரிய கார் தீர்ப்பது வேறொரு தேவையை.

அந்தப் பெரிய காருக்குக் கொடுக்கும் டொலர் எங்கிருந்து வருகிறது என்பதையும் மலைநாட்டிலிருந்து எழுதும் நான் விட்டுவிட முடியாது. 2024இல் தேயிலை ஏற்றுமதி இந்நாட்டுக்கு ஈட்டித் தந்தது ஏறத்தாழ 140 கோடி டொலர். இந்தத் தேயிலைத் தொழில் பிறந்தது கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில், ரயில் வந்த அதே 1867இல். கொழுந்து பறிக்கும் நம் சகோதரிக்கு 2026 ஜனவரி முதல், அரசாங்கம் தரும் 200 ரூபா வரவுப் படியையும் சேர்த்து, நாட்கூலி 1,750 ரூபா. நாம் கணக்கெடுத்த 3 கோடி ரூபாக் காரின் விலை, அவளுடைய 17 ஆயிரத்து 142 நாட்கூலி. மாதம் 25 நாள் வேலை கிடைத்து, ஒரு சதமும் உண்ணாமல் சேர்த்தால் 57 ஆண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலை சரிந்து அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் கண்டி. லயங்கள் மண்ணுக்குள் போயின, வீதிகள் அறுந்தன. அந்நாட்களில் மேலே ஏறி அரிசியும் பாயும் கொண்டுசேர்த்தவை லொறிகளும் லாண்ட்மாஸ்டர்களும், அவையும் ஏறமுடியாத இடத்தில் இளைஞர்களின் தோள்களுமே.

வைகாசி, ஆனி முகூர்த்தங்களுக்குப் பேச்சுக்கள் நடக்கும் காலம் வரும். பெண்ணைப் பெற்ற கமக்காரர் எவரிடமாவது மாப்பிள்ளை வீட்டார் காரின் பெயரைச் சொன்னால், "மாப்பிள்ளையின் சம்பளம் அதைத் தாங்குமா?" என்று திருப்பிக் கேளுங்கள். தாங்கும் என்றால் அவரே வாங்கிக்கொள்ளட்டும்; தாங்காது என்றால் உங்கள் தோட்டம் ஏன் தாங்க வேண்டும்? உத்தியோகத்தரான நண்பர்களே, நீங்கள் கையொப்பமிடப் போகும் லீசிங் ஒப்பந்தத்தை அன்றே அங்கேயே கையொப்பமிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து படியுங்கள். தமிழ்ப் பிரதி ஒன்றைக் கேளுங்கள். உங்கள் தந்தையின் காணி அதில் ஈடாக இருக்குமாயின், அவர் வாசித்து விளங்கும் மொழியில் அது இருக்கவேண்டும். தரமாட்டோம் என்றால் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள்; வாசித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம், கட்டணம் இல்லை.